தொட்டியடியில் நீ கேட்டது

அன்புள்ள மகன் இசக்கிமுத்துவுக்கு,

இது என் கையெழுத்து. உறையின் மேலே விலாசத்தைப் பார்த்ததும், அப்பா யாரைப் பிடித்து எழுதச் சொன்னார் என்று நினைத்திருப்பாய். யாரையும் பிடிக்கவில்லை. பின்கோடு எண்ணைக்கூட நானேதான் எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. "எழுதுறது கையா, நாக்கா?" என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஐம்பது வருசம் மம்பட்டி பிடித்த கை இது. மம்பட்டியை இறுக்கிப் பிடித்தால்தான் வேலை நடக்கும். பேனாவை இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது. அந்த வித்தியாசம் பிடிபடவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஆனால் ஒரு வரி எழுதி முடித்து, அதைத் திரும்ப வாசித்து, நான் மனதில் நினைத்ததே அங்கே தாளில் கிடப்பதைப் பார்க்கும்போது ஒரு சந்தோசம் வருகிறது பார், காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வருவதைப் பார்க்கிற சந்தோசம் அது.

இதை நீ தனியாக இருக்கும்போது வாசி. மருமகள் பிரேமா வாசிக்கக் கூடாது என்றில்லை. முதலில் நீ வாசித்துவிடு, பிறகு உன் இஷ்டம். நாங்கள் உங்கள் தீவிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கடிதம். பிரேமாவுக்குப் பிரசவம் ஆனி மாதம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்குப் பரபரப்பாக இருக்கிறது. நீ அப்பன் ஆகும்போது, உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியாத விசயம் ஒன்று பாக்கி இருக்கக் கூடாது. முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. மடையைத் திறந்த உடனே வயலுக்குத் தண்ணீர் போய்விடாது. வாய்க்காலில் இருக்கிற வெடிப்பையெல்லாம் நனைத்துவிட்டுத்தான் போகும். நானும் அப்படித்தான் போகிறேன், பொறுத்துக்கொள்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நான் நீர்பாய்ச்சி. ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக நம் குளத்துக்கு வருகிற தண்ணீரை, மடை திறந்து, வாய்க்காலில் விட்டு, வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்சுகிறவன். வயல் ஒருத்தன் வைத்திருப்பான், விதை ஒருத்தன் போடுவான். தண்ணீர் மட்டும் என் மம்பட்டி சொல்கிறபடி போகும். குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டால் கடைமடைக்கு முதல் முறை. மடைக்குப் பக்கத்து வயல்காரன் கசிவிலேயே பிழைத்துக்கொள்வான், கடைசி வயல்காரனுக்கு நாம்தான் கதி. என் அப்பா எனக்குச் சொன்னது அது ஒன்றுதான். அது நல்ல சட்டம். சட்டத்தில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் எங்கே இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

போன வருசம் நம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து ஜெபராணி டீச்சர் டவுன் பஸ்ஸில் வருவார். ரிட்டயர் ஆன பிறகும் பிரம்பு இல்லாத குறையைக் குரலில் தீர்த்துக்கொள்கிறவர். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டார். ஒருத்தி பஸ் போர்டு வாசிக்க என்றாள். ஒருத்தர் ரேகை வைக்க வெட்கமாக இருக்கிறது என்றார். என் முறை வந்தது.

"ஒரு காயிதம் எழுதணும் டீச்சர்."

"யாருக்கு அண்ணாச்சி?"

"மவனுக்கு. அந்தமான்ல இருக்கான்."

"அதுக்கு என்னத்துக்கு இம்புட்டுப் பாடு? சொல்லுங்க, நான் இப்பமே எழுதித் தாரேன்."

"இல்ல டீச்சர். இது இன்னொருத்தர் கையால எழுதக்கூடாத காயிதம்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. என் வரிகளெல்லாம் மேலும் கீழும் போகும். "கோடு பிடிச்சு எழுதுங்க அண்ணாச்சி, வரப்பு வெட்டினவருக்கு இது தெரியாதா?" என்பார். "வரப்புக்கு வளைவு உண்டு டீச்சர்" என்பேன். வகுப்பே சிரிக்கும்.

எழுதக் கற்றுக்கொண்டிருக்கும்போதே நீ போனில் கூப்பிட்டாய். பிரேமாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் வந்து இருங்கள், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாய். எனக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. இனி எழுத வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிவிடலாம். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எப்போது கூப்பிட்டாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைக்கிறோம். அங்கே பிரேமா, இங்கே அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள். அதில் சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்கலாம். இதைச் சொல்ல முடியாது.

முதல் இருபது நாள் எனக்கு ஒரே கொண்டாட்டம். உனக்கு ஞாபகம் இருக்கும், தெருவில் போகும்போதெல்லாம் தமிழ்ப் பலகை தேடினேன். இந்தியும் இங்கிலீசுமாக இருக்கிற ஊரில் மொத்தம் ஒன்பது தமிழ்ப் பலகை கண்டுபிடித்தேன். இட்லிக்கடைப் பலகையை நடுரோட்டில் நின்று நான் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்தபோது பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். "யப்பா, ஓரமா நின்னு வாசிங்க, இட்லி எங்கயும் ஓடிராது" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். அன்றைக்கு உன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது பார்த்த சிரிப்பு. அதைப் பார்த்ததும், சொல்வதை நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன். இருபது நாளையும் அப்படியே தின்றுவிட்டேன்.

கடைசி வாரத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியுமுன் விழிப்பு வந்துவிடும். நம் ஊராக இருந்தால் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பேன். அங்கே நடக்க வரப்பு இல்லை. அதனால் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சரிவில் எங்கே ஏறுகிறது, எந்த வீட்டுக்குப் பிரிகிறது, எங்கே ஒழுகுகிறது என்று ஒரு வாரத்தில் அந்தக் குழாய் எனக்கு மனப்பாடம். "மனுசனுக்குக் காலுல சக்கரம் கெட்டியிருக்கு. வந்த எடத்துல ஒரு நாளாச்சும் சும்மா இருக்கியளா?" என்று உன் அம்மா திட்டுவாள். மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர். வந்ததும் ஆளாளுக்கு மோட்டார் போட்டு இழுத்துவிடுவார்கள். எனக்கு ஒன்று வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் கடைமடை பள்ளத்தில் இருக்கும். உங்கள் ஊரில் கடைமடை மேட்டில் இருக்கிறது. உன் வீட்டுக்கு மேலே இருபத்திரண்டு படி ஏறினால் கடைசி வீடு, அந்த வங்காளி அம்மா தனியாக இருக்கிற வீடு. அவளிடம் மோட்டாரும் இல்லை. தண்ணீர் வருகிற நாளில் அவள் குழாய் இருமும். இருமிவிட்டு நின்றுவிடும். அவள் இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் கீழே நின்று அவளைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் பேச ஒரு சொல் பொதுவாகக் கிடையாது.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது எங்களைப் படகில் பவளத் தீவுக்குக் கூட்டிப் போனாய். படகின் அடியில் கண்ணாடி பதித்திருந்தது. மீன்கள் காலுக்கு அடியில் போவதைப் பார்த்து அம்மா பயந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இறங்கியதும் அவளும் பிரேமாவும் நிழலில் உட்கார்ந்துவிட, நீயும் நானும் கரையோரமாக நடந்தோம். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

"ஏலே முத்து..."

"சொல்லுங்கப்பா."

"அது வந்து..."

"என்னப்பா?"

"இங்கன எளநி என்ன வெலைக்குக் கொடுக்கான்?"

நீ விலையைச் சொன்னாய். அடுத்து படகு எஞ்சின்களைப் பற்றிப் பேசினாய். உப்புத் தண்ணீர் எஞ்சினை எப்படித் தின்கிறது, எதைக் கழற்றி எப்படித் துடைக்கிறாய் என்றெல்லாம் சொன்னாய். கை நிறையத் தொழில் தெரிந்த ஒருவன் பேசுகிற பேச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே முள் குத்தியது. என் மகன் உப்புத் தண்ணீரில் தொழில் கற்றுக்கொண்டதற்குக் காரணம், நல்ல தண்ணீரில் நான் செய்த காரியம். அதைச் சொல்லாமல் இளநீர் விலை கேட்டேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் தண்ணீர் வருகிற நாளாக அமைந்தது நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் சொன்னோம். நாற்பது பேருக்குச் சாப்பாடு. நீ வாடகைக்கு அண்டாவும் நாற்காலியும் எடுத்து வரக் காலையிலேயே கிளம்பினாய். போகும்போது, "யப்பா, தண்ணி வந்தா வால்வத் தொறந்து தொட்டி நெறையுற வரைக்கும் பாத்துக்கிடுங்க. ஒங்களவிட யாருக்கு இது தெரியும்?" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு அரை அடி உயரம் கூடிவிட்டது.

தண்ணீர் வந்தது. வால்வு என்பது ஒரு சின்ன மடைதான், திறந்தேன். தொட்டி பாதி ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். மேலே அந்த அம்மா குடத்தோடு நிற்கிறாள். குழாய் இருமுகிறது. என் கை போய் வால்வை அடைத்துவிட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவில்லை. கடைமடை காய்கிறது என்றால் என் கை தானாகப் போகும். மேலே தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. குடம் நிறையும்போது சத்தம் மாறும் பார், அந்த மாற்றத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் இரண்டு குடம், ஒரு வாளி, ஒரு அண்டா எல்லாம் நிரப்பினாள். சரி, இனி நம் தொட்டி என்று வால்வைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முக்கால் மணி நேரம் முடிந்துவிட்டது.

நீ வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாய்.

"என்னப்பா, பாதியில கெடக்கு?"

"தண்ணி அம்புட்டுதாம்லே வந்துச்சு."

சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதும் என் காதிலேயே அது பழைய சத்தமாகக் கேட்டது. பதினான்கு வருசத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, இதே குரலில், உன்னிடமே சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு, சரி, வேற வழி பாப்போம் என்று சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போனாய். சாயங்காலம் வரை நீ கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தாய். நான் உன் கூடவே தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும், "பாத்துப்பா, படி வழுக்கும்" என்றாய்.

மறுநாள் பிரேமா கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த வங்காளி அம்மா படியிறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். இரண்டையும் என் காலடியில் வைத்துவிட்டு, கையைக் கூப்பி, வால்வைக் காட்டி, என்னைக் காட்டி, மேலே தன் வீட்டைக் காட்டி என்னவோ சொன்னாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரேமாவுக்கு அவள் பேச்சு புரியும்.

"மாமா, நேத்து நீங்க நம்ம வால்வை அடைச்சிட்டு அவங்களுக்குத் தண்ணி விட்டீங்களாமே! மூணு வாரத்துல நேத்துதான் குடம் நிறைஞ்சுதாம். விசேஷ வீட்டுல தண்ணி பத்தாதேன்னு ரெண்டு குடம் கொண்டுவந்திருக்காங்க."

பெண்களெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். உன் அம்மா மட்டும் வளையல் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நீ அந்தக் குடத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பந்தியில் இலை போடப் போய்விட்டாய்.

எல்லோரும் போன பிறகு தொட்டியடியில் உட்கார்ந்து நீ அண்டாவைத் தேய்த்தாய். நான் தண்ணீர் ஊற்றினேன். நிமிராமலே கேட்டாய்.

"இங்கயும் எம் மடையத்தான் அடைச்சியளா?"

நான் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினேன்.

"குடுத்தது சரிப்பா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஏன் தண்ணி வரலைன்னு சொன்னிய?" கொஞ்ச நேரம் தேய்த்தாய். "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னிய. யப்பா, அன்னைக்கி நெசமாவே தண்ணி வரலையா?"

"அந்த அண்டாவ வெயில்ல கவுத்து வையி. ஈரம் நின்னா களிம்பு புடிக்கும்" என்றேன்.

உன் கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. நீ அண்டாவை வெயிலில் கவிழ்த்து வைத்தாய். அதன் பிறகு விமான நிலையம் வரை நீ என்னிடம் பேசியதெல்லாம் பெட்டி, டிக்கெட், மாத்திரை. வாசலில் நின்று, "பைய பாத்துப் போங்கப்பா" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே தமிழ்ப் பலகை ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவன்போல மேலே பார்த்துக்கொண்டே போனேன்.

விமானத்தில் மேகத்துக்கு மேலே வந்ததும் உன் அம்மா கேட்டாள்.

"புள்ள கேட்டானா?"

"என்னத்த?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளாக்கும். அவன் வயக்காடு காஞ்ச வருசம் நான் புல்லறுக்கப் போனேன்லா? நம்ம வயலுக்குத் தண்ணி பாயுற வாமடையில பச்ச மண்ணு வச்சு அடைச்சிருந்துச்சு. தண்ணியே வரலைன்னா எதுக்கு மண்ணு வச்சு அடைக்கணும்?"

பதினான்கு வருசம் அவள் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீங்க பொய் சொல்லுவிய. அதயும் கேக்கணுமான்னு இருந்தேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி வெடிப்பு ஒன்றும் பாக்கியில்லை. தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டது. எழுதுகிறேன்.

உனக்கு அப்போது இருபது வயது. முக்கால் ஏக்கர் வயலை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பிடித்துப் பிசான நெல் நட்டிருந்தாய். உன் முதல் வெள்ளாமை. ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்ப்பாய். பயிருக்கு வெட்கமாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுலே என்று நான் கேலி செய்வேன். அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குளத்தில் தண்ணீர் அடியில் கிடந்தது. ஊர் கூடி, வயலுக்கு ஒரு நனைப்பு, கடைமடையிலிருந்து முறை என்று பேசி முடித்தார்கள். அன்றைக்கு டீக்கடையில் ஒருத்தன், கடைமடை வயல்காரன், இப்போது உயிரோடு இல்லை, பெயர் வேண்டாம், எல்லோரும் கேட்கச் சொன்னான்: "நாமதாம்வே வானத்தப் பாக்கணும். நீர்பாய்ச்சி மவனுக்கு என்ன கொற? அவன் அப்பன் மம்பட்டியிலல்லா கொளம் இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கடைமடையிலிருந்து ஒவ்வொரு வயலாக நனைத்துக்கொண்டு வந்தேன். கடைசியாக உன் வயலின் முறை வந்த அன்று நீயும் அம்மாவும் சாத்தான்குளத்தில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். நான் இருக்கிறேன், போய்விட்டு வா என்று அனுப்பியதே நான்தான். விடியற்காலையில் மடை திறந்தேன். வாய்க்காலில் கெண்டைக்கால் உயரத்துக்குத் தண்ணீர். உன் வயல் நனைய அது போதும், மிச்சமும் இருக்கும். உன் வாமடையைத் திறந்தேன். தண்ணீர் உள்ளே ஒரு பாய் அகலம் போயிருக்கும். அப்போது வரப்பில் நாலைந்து பேர் வந்தார்கள். டீக்கடையில் பேசினவனும் அவர்களோடு இருந்தான். அவன் வயல் ஏற்கனவே நனைந்துவிட்டது. ஆனாலும், "எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும், மேட்டுப் பக்கம் ஏறல" என்றான். கேட்பது நியாயம் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்கள் நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு மம்பட்டி மண்ணை வெட்டி உன் வாமடையில் போட்டேன். இன்னொரு மம்பட்டி போட்டேன். காலால் மிதித்து அடைத்தேன். தண்ணீர் முழுவதையும் அவன் வயலுக்குத் திருப்பிவிட்டேன். "இவருல்லா நீர்பாய்ச்சி" என்று ஒருத்தர் சொன்னார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். இனிப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் குளம் வற்றிவிட்டது.

நீ மறுநாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வயலுக்கு ஓடினாய். தண்ணி வரலையாப்பா என்றாய். அம்புட்டுதாம்லே வந்துச்சு என்றேன். நீ நம்பினாய், அல்லது நம்பியதுபோல இருந்தாய். பத்து நாள் கழித்து ஒரு கதிரை உருவிப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாய். உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாம் சாவி, வெறும் பதர். அதைத் துப்பினாய். யாரையும் திட்டவில்லை. இரண்டு மாதத்தில் கப்பல் ஏறிவிட்டாய். உன் மேல் எனக்கு ஆசை இல்லாமல் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. என் மேல் எனக்கு ஆசை அதிகமாக இருந்தது. அதுதான் நடந்தது.

கேட்டாய் அல்லவா, அன்னைக்கி நெசமாவே தண்ணி வரலையா என்று. வந்துச்சு எய்யா. நல்லா வந்துச்சு.

இதை எழுதி இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. போன வாரம் பிரேமா போன் செய்தாள். ஸ்பீக்கரில்தான். இப்போதெல்லாம் தொட்டி முக்கால் ஆனதும் நீயே வால்வை அடைத்துவிடுகிறாயாம். கீழ் வீட்டுக்காரர்களிடமும் போய்ப் பேசி, இரண்டு வீட்டில் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் செய்திருக்கிறாயாம். "உங்க பிள்ளைக்கு உங்க புத்திதான் மாமா" என்று சிரித்தாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அது என் புத்தி இல்லை. கடைமடைக்கு நானும் கொடுத்தேன், நீயும் கொடுக்கிறாய். நீ கொடுப்பது உன் பங்கிலிருந்து. நான் கொடுத்ததும் உன் பங்கிலிருந்துதான். நல்ல பெயரை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். நாளைக்கு உன் பிள்ளைக்கு இதில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று உனக்கே தெரிந்திருக்கிறது. நான் புத்தி சொல்ல ஒன்றும் இல்லை.

கார் சாகுபடிக்கு அணை திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு. வாய்க்கால் வெட்டப் போக வேண்டும். அதற்கு முன் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். நானே கொண்டுபோய்ப் போடுவேன். நீ பதில் எழுது. போனில் வேண்டாம், எழுது. அம்மா சொன்ன அந்தப் பச்சை மண்ணை நீயும் அன்றைக்குப் பார்த்தாயா என்று எழுது. உன் கடிதத்தை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டேன். நானே எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போட்டுத் திட்டு. எனக்கு ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா